ஒரு மாநிலம், இரு கொடிகள்

கல்வி புகட்டுவதற்கென நிறுவப்பெற்ற இரண்டு பல்கலைக்கழகங்கள், ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு தோற்பந்தின் பொருட்டு எதிரெதிரே அணிவகுத்து நிற்கின்றன. அன்றைய தினம் ஒரே வீட்டில் தந்தை செந்நிறச் சட்டை அணிகின்றார். மகள் நீலமும் செம்மஞ்சளும் கலந்த சட்டை அணிகின்றாள். அம்மாநிலத்திற் குடியேறும் புதியவரிடமும், "நீர் எந்தப் பக்கம்?" என்று கேட்பது அங்குள்ளோர் வழக்கம். இரு பக்கத்திலும் சேராதிருப்பேன் என்பவருக்கு அங்கே இடமில்லை!

அம்மாநிலம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பாகத்திலுள்ள அலபாமா. பல்கலைக்கழகங்கள் இரண்டில் ஒன்று மேற்கே ரஸ்கலூசா நகரிலுள்ள அலபாமாப் பல்கலைக்கழகம். மற்றையது கிழக்கே ஓபர்ன் என்னும் சிற்றூரிலுள்ள ஓபர்ன் பல்கலைக்கழகம். நவம்பர் மாத இறுதியில் இவ்விரண்டும் பொருதும் உதைபந்தாட்டப் போட்டிக்கு 'அயன் போல்' என்று பெயர். அப்போட்டிகளுள்ளே பிரிவு வாகையும் பணயமாக வைக்கப்பட்ட ஒன்று 2013ஆம் ஆண்டு நடைபெற்றது. அதன் முன்னாளில் மக்கள் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தனர், அன்று பணயமாயிருந்தது யாது, இறுதியில் எஞ்சியது யாது என்பவற்றை ஆராய்வது மாணவர்க்கும் பெற்றோர்க்கும் பயன்தருவதாகும்.

ஆட்டத்தின் இயல்பு

அமெரிக்கர் இதனை உதைபந்தாட்டம் என்றே அழைக்கின்றனர். ஆயினும், நம் சிறுவர் வட்டப் பந்தைக் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் வேறு, இது வேறு. இங்கே பந்து முட்டை வடிவானது. பெரும்பாலும் கையிலேயே பயணம் செய்வது. றக்பி ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் தோற்றம் ஓரளவு விளங்கும்.

பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். எல்லைக்கோடுகளுக்கு இடைப்பட்ட களம் 100 யார் நீளமானது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றினுள் 10 யார் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிடிற் பந்து எதிரணியைச் சேரும். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பாற் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். அது இயலாதென்று தோன்றின், பந்தை நிலத்தில் நிறுத்தி உதைத்து, உயர்ந்த இரு கம்பங்களுக்கிடையே செலுத்தி 3 புள்ளிகள் பெறலாம். அவ்வாறு உதைத்த பந்து கம்பங்களை எட்டாமல் விழுமாயின், எதிரணியினர் அதனை ஏந்திக்கொண்டு மறு எல்லைவரை ஓடவும் விதி இடங்கொடுக்கின்றது. இவ்விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

பந்தை உதைப்பதற்கென்றே ஒவ்வோர் அணியிலும் தனி மாணவன் ஒருவன் உண்டு. ஆட்டத்தின் பெரும்பகுதியைக் களத்தின் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, எல்லோரும் மூச்சடக்கி நிற்கும் வேளையில் அழைக்கப்படுபவன் அவனே.

பகை பிறந்த கதை

அலபாமாப் பல்கலைக்கழகம் 1831இல் வகுப்புகளைத் தொடங்கியது. ஓபர்ன் கழகம் 1856இல் அரச அனுமதி பெற்றது. பின்னர் விவசாயமும் பொறியியலும் கற்பிக்கும் தாபனமாக வளர்ந்து, 1960ஆம் ஆண்டுவரை அலபாமாத் தொழினுட்பக் கழகம் என்ற பெயரையே தாங்கி நின்றது. சட்டமும் வைத்தியமும் பயில்வோர் ஒரு பக்கம், உழவர் பிள்ளைகள் மறுபக்கம் என்று பழங்காலத்தில் ஏற்பட்ட எண்ணம் அத்தனை எளிதில் மறையவில்லை. மேலும், அம்மாநிலத்திலே நாடறிந்த தொழின்முறை அணி எந்த விளையாட்டிலும் இல்லை. ஆகவே, மக்களின் உற்சாகம் முழுவதும் இவ்விரு கல்லூரிகள் மீதே கவிந்தது.

முதற் போட்டி 1893ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் தேதி பேர்மிங்ஹாம் நகரில் நிகழ்ந்தது. ஓபர்ன் 32க்கு 22 என்ற கணக்கில் வென்றது. 1907இல் நடந்த ஆட்டம் 6க்கு 6 எனச் சமமாய் முடிந்தது. அதன்பின் நிகழ்ந்ததே வேடிக்கை! அடுத்த ஆண்டுப் போட்டிக்கான பேச்சுவார்த்தையில், ஆட்டக்காரரின் நாட்செலவுப் பணம் எவ்வளவு, எத்தனை பேருக்குக் கொடுப்பது, நடுவரை எங்கிருந்து அழைப்பது என்ற சில்லறை விஷயங்களிற் பிணக்கு மூண்டது. எவரும் விட்டுக்கொடுக்கவில்லை. விளைவு, 41 ஆண்டுக்கால மௌனம். ஒரு தலைமுறை மாணவர் படித்து முடித்துப் பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டனர். இரு கல்லூரிகளும் களத்திற் சந்திக்கவேயில்லை.

1947இல் மாநிலப் பிரதிநிதிகள் சபையே தலையிட்டு, இரு கழகங்களும் மீண்டும் ஆடவேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 1948 டிசெம்பர் 4ஆந் தேதி காலை, இரு மாணவர் சங்கத் தலைவர்களும் பேர்மிங்ஹாம் நகரப் பூங்கா ஒன்றிற் குழி தோண்டி, ஒரு கைக்கோடரியை அதிற் புதைத்தனர். ஆயுதத்தை மண்ணிற் புதைத்துச் சமாதானம் செய்துகொள்வது அமெரிக்கப் பழங்குடிகளின் வழக்கம். அன்று பிற்பகல் நடந்த ஆட்டத்தில் அலபாமா 55க்குப் பூச்சியம் என்று வென்றது. கோடரி புதைந்தது, ஆனால் ஓபர்ன் மக்களின் மனக்கொதிப்புப் புதையவில்லை!

இரும்புத்தாதும் நிலக்கரியும் சுண்ணாம்புக் கல்லும் அருகருகே கிடைத்தமையால் 1871இல் எழுந்த ஆலை நகரம் பேர்மிங்ஹாம். 56 அடி உயரமான வார்ப்பிரும்புச் சிலையொன்று இன்றும் அந்நகரைக் குன்றின் மேல் நின்று காவல் செய்கின்றது. போட்டியின் பெயரிலுள்ள இரும்பு இந்நகரத்து இரும்பே. 'போல்' என்பது கிண்ணம்; கிண்ண வடிவில் அமைந்த விளையாட்டரங்குகளிலிருந்து பெரும் போட்டிகளுக்கு வந்த பெயர் அது. பல்லாண்டுகளாகப் பேர்மிங்ஹாமிலேயே நடந்த இப்போட்டி, 1989இல் முதன்முறையாக ஓபர்ன் மண்ணில் நடைபெற்றது. தோல்வியே காணாது வந்த அலபாமாவை அன்று ஓபர்ன் 30க்கு 20 என வென்றது.

மரங்களும் புயலும்

போட்டி எல்லை மீறினால் என்ன நேரும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. ஓபர்ன் ஊரின் நடுச்சந்தியில் இரண்டு முதிய ஓக் மரங்கள் நின்றன. தங்கள் அணி வெல்லும்போதெல்லாம் மாணவர் அம்மரங்களின் மீது வெண்ணிறக் கடதாசிச் சுருள்களை எறிந்து கொண்டாடுவர். 2010இல், 24 புள்ளிகள் பின்தங்கி நின்ற ஓபர்ன் அணி 28க்கு 27 என்று வென்றது. அதன் பின்னர் அலபாமா ஆதரவாளன் ஒருவன் அம்மரங்களின் வேரில் நஞ்சை ஊற்றினான். ஊற்றியதோடமையாது, 2011 ஜனவரியில் வானொலி நிகழ்ச்சியொன்றுக்குத் தொலைபேசியில் அழைத்து அதனைப் பெருமையாகவும் அறிவித்தான். அவனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. மரங்களுக்கோ உயிர் திரும்பவில்லை. 2013 ஏப்ரிலில் அவை வெட்டி அகற்றப்பட்டன.

ஆயினும், இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. மரங்களைக் காப்பதற்கென அலபாமா ஆதரவாளர்களே பணம் திரட்டினர். அதே 2011ஆம் ஆண்டு ஏப்ரில் 27ஆந் தேதி கொடிய சுழற்காற்றொன்று ரஸ்கலூசாவை ஊடறுத்துச் சென்றது. அதன் பாதையில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நஞ்சூட்டிய செய்தி வெளியாகிச் சில மாதங்களே சென்றிருந்தன. அப்படியிருந்தும் ஓபர்ன் மக்கள் தங்கள் ஊர்ச் சந்தியின் பெயராலேயே உதவிக் குழுவொன்றை அமைத்து, எதிரியின் நகருக்கு உணவும் பொருளும் அனுப்பினர். பகைவன் என்று எண்ணியிருந்தவனே அயலவனாக வந்து நின்றான்.

பிரிவு வாகை என்பது யாது?

இனி 2013ஆம் ஆண்டுப் போட்டிக்கு வருவோம். இரு கழகங்களும் தென்கிழக்குச் சங்கம் என்னும் கல்லூரிக் கூட்டமைப்பைச் சேர்ந்தவை. 1992 முதல் அச்சங்கம் கிழக்கு, மேற்கு என இரண்டு பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தது. 2013இல் பிரிவுக்கு ஏழு கழகங்கள். பிரிவில் முதலிடம் பெறும் இரு கழகங்கள் டிசெம்பர் மாதத்தில் அற்லான்டா நகரிற் பொருதிச் சங்கத்தின் வாகையைத் தீர்மானிக்கும். அதில் வெல்பவர்க்கே பெரும்பாலும் தேசிய வாகைக்கான கதவு திறக்கும்.

அலபாமாவும் ஓபர்னும் ஒரே மேற்குப் பிரிவில் இருந்தமையாற் சிக்கல் இன்னும் இறுகிற்று. ஒருவர் முன்னேற வேண்டுமாயின் மற்றவர் வீட்டிலிருந்து பார்க்க வேண்டும்!

முன்னாட் கணக்கு

போட்டி 2013 நவம்பர் 30ஆந் தேதி, ஓபர்னின் ஜோர்டன்-ஹெயார் அரங்கில் நடைபெறவிருந்தது. அதற்கு முந்திய வாரத்தில் தராசின் இரு தட்டுகளையும் நிறுத்துப் பார்த்தவர்கள் கண்டவை இவை.

அலபாமாத் தட்டிலே: 11 ஆட்டங்கள், 11 வெற்றிகள், நாட்டின் தரவரிசையில் முதலிடம். பயிற்சியாளர் நிக் சேபன் 2009, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் அக்கழகத்துக்குத் தேசிய வாகை சூட்டியவர். தொடர்ந்து மூன்றாவது முறையும் அதனை நாடி நின்றார். அணியை நடத்திய ஏ. ஜே. மக்கரன் பதற்றமறியாத அனுபவசாலி. 77 சந்திப்புகளில் 42 வெற்றிகள் அலபாமாவுக்கு, 34 ஓபர்னுக்கு, ஒன்று சமம்.

ஓபர்ன் தட்டிலே: 10 வெற்றிகள், ஒரு தோல்வி, நான்காமிடம். இதனை மட்டும் பார்த்தால் அதன் பெருமை விளங்காது. ஓராண்டுக்கு முன்னர் அதே ஓபர்ன் 12 ஆட்டங்களில் ஒன்பதிற் தோற்றது. சங்கத்து ஆட்டங்கள் எட்டில் ஒன்றையேனும் வெல்லவில்லை. அலபாமாவிடம் 49க்குப் பூச்சியம் என்று மண்ணைக் கவ்விற்று. பழைய பயிற்சியாளர் விலக்கப்பட்டு, கஸ் மல்சான் பொறுப்பேற்றார். வேகமாக ஓடித் தாக்கும் முறையை அவர் அணிக்குப் பழக்கினார். இரு வாரங்களுக்கு முன்பு ஜோர்ஜியா அணியுடன் ஆடுகையில், நிக் மார்ஷல் வீசிய பந்து எதிரணியினர் கையிற் பட்டுத் தெறித்து, ஓடிக்கொண்டிருந்த ரிக்கார்டோ லூயிஸின் கையில் வந்து விழுந்தது. 73 யார் தூரம். எஞ்சியிருந்தது 25 விநாடி. ஓபர்ன் 43க்கு 38 என வென்றது. அதிர்ஷ்டம் இன்னொரு முறையும் வருமா என்று பலர் ஐயுற்றனர்.

கணக்கோ தெளிவானது. சங்கத்து ஆட்டங்களில் அலபாமா ஏழும் வென்றிருந்தது. ஓபர்ன் ஏழில் ஆறு. ஓபர்ன் வென்றால் இருவரும் சமமாவர். அப்போது நேருக்கு நேர் வென்றவரே பிரிவுக்கு உரியவர். ஆக, அந்த ஒரு மாலைப்பொழுதே மேற்குப் பிரிவு முழுவதற்கும் தீர்ப்பு நாளாயிற்று.

அனுபவமும் கட்டுக்கோப்பும் அலபாமா பக்கம். சொந்த மண்ணும் இழப்பதற்கு ஏதுமில்லாத துணிவும் ஓபர்ன் பக்கம். நிதானமாகச் சிந்தித்தவர் பலர் அலபாமாவையே தெரிந்தனர்.

ஒரு விநாடி

அரங்கினுள்ளே 87,451 பேர் நிறைந்திருந்தனர். ஓபர்ன் முதலிற் புள்ளி பெற்றது. அலபாமா 21க்கு 7 என முந்தியது. ஓபர்ன் மெல்ல மெல்ல நெருங்கி 21க்கு 21 எனச் சமன் செய்தது. நான்காவது காற்பகுதியில் மக்கரன் தன் எல்லையருகே நின்று வீசிய பந்தை அமாரி கூப்பர் பற்றிக்கொண்டு ஓட, 99 யார் கடந்து அலபாமா 28க்கு 21 என்றாயிற்று. அதற்குமேல் முடிவைப் பூட்டிவைக்க அலபாமாவால் இயலவில்லை. அதன் உதைப்பாளன் கேட் பொஸ்டரின் உதைகள் அன்று பொய்த்தன. இரண்டு குறி தவறின, மூன்றாவது எதிரணியாற் தடுக்கப்பட்டது. 32 விநாடிகள் எஞ்சியிருந்தபோது, மார்ஷல் வீசிய பந்தைச் சமி கோற்ஸ் எல்லைக்குள் கொண்டு சேர்த்தான். 28க்கு 28!

நேரம் தீர்ந்துவிட்டதென எல்லோரும் எண்ணினர். ஆனால் நடுவர்கள் பதிவை மீண்டும் பார்த்து, ஒரு விநாடி மிச்சமுண்டு என்று தீர்ப்பளித்தனர். அந்த ஒரு விநாடியைக் கேட்டு வாதாடியவர் சேபன். 57 யார் தூரத்திலிருந்து உதைத்து வென்றுவிடலாம் என்பது அவர் கணக்கு. பொஸ்டருக்குப் பதிலாக அடம் கிரிபித் என்னும் இளையவன் அழைக்கப்பட்டான். போலந்து நாட்டில் அநாதை இல்லத்தில் வளர்ந்து, பதின்மூன்றாம் வயதில் அமெரிக்கக் குடும்பமொன்றாற் தத்தெடுக்கப்பட்டவன் அவன்.

பந்து எழுந்தது, சென்றது, கம்பங்களை எட்டாமல் தாழ்ந்தது. எல்லைக்கோட்டுக்கும் 9 யார் பின்னே காத்து நின்ற ஓபர்ன் வீரன் கிறிஸ் டேவிஸ் அதனை ஏந்தினான். இடப்பக்க ஓரமாய் ஓடத் தொடங்கினான். உதைப்புக்கென நிறுத்தப்பட்டிருந்த கனத்த சரீர அலபாமா வீரர்களால் அவனைத் துரத்திப் பிடிக்க இயலவில்லை. 109 யார் ஓடி மறு எல்லையை அடைந்தான். 34க்கு 28. மேற்குப் பிரிவு ஓபர்னுக்குரியதாயிற்று. வென்றவர்கள் ஊர்ச் சந்திக்கு விரைந்தனர். மரங்கள் இல்லாத இடத்திற் கம்பிகளைக் கட்டி, அவற்றின் மீது வெண் கடதாசிச் சுருள்களை எறிந்து மகிழ்ந்தனர்.

அடுத்த வாரம் அற்லான்டாவில் மிசூரி அணியை 59க்கு 42 என வென்று ஓபர்ன் சங்க வாகையும் சூடியது. தேசிய வாகைக்கான ஆட்டத்தில், 2014 ஜனவரி 6ஆந் தேதி, புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 34க்கு 31 எனத் தோற்றது.

தோல்விக்குப் பின்

வெற்றியின் ஆரவாரத்தில் மறக்கலாகாத ஒன்று உண்டு. அன்றிரவு பொஸ்டருக்கு வந்த செய்திகளில் வசை மட்டுமன்றிக் கொலை மிரட்டல்களும் இருந்தன. கல்லூரி மாணவன் ஒருவன் பந்தைச் சரியாக உதைக்கவில்லை என்பதற்காக இத்துணைக் கொடுமையா? அவனுடைய பயிற்சியாளர் ஆண்டுக்கு 50 இலட்சம் டொலருக்கு மேல் ஊதியம் பெற்றார். மாணவர்களுக்கோ அக்காலத்தில் உபகாரச் சம்பளத்தையன்றி வேறு வருமானம் பெற விதி இடந்தரவில்லை. தம் பெயரைக்கொண்டு பொருளீட்டும் உரிமை 2021இலேதான் அவர்களுக்குக் கிட்டியது. முதியவர்களின் பெருமையையும் ஒரு மாநிலத்தின் மானத்தையும் இளம் தோள்களில் ஏற்றிவிட்டு, சுமை சரிந்ததும் அவர்களையே தூற்றுவது நியாயமாகுமா? நல்லவேளை, ஆறுதல் சொன்னவரும் உண்டு. முன்னாள் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் தம் கைப்பட எழுதிய குறிப்பொன்றைப் பொஸ்டருக்கு அனுப்பினார்.

கிரிபித் என்னவானான்? அவனுடைய கதையே மாணவர் கவனத்துக்குரியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2015 நவம்பர் 28ஆந் தேதி, அதே அரங்கில், அதே ஓபர்னுக்கு எதிராக அவன் மீண்டும் இறங்கினான். ஐந்து முறை உதைத்தான். ஐந்தும் கம்பங்களுக்கிடையே சென்றன. அலபாமா 29க்கு 13 என வென்றது. 2016 ஜனவரியில் நடந்த தேசிய வாகை ஆட்டத்தில், எவரும் எதிர்பாராத வேளையில் அவன் பந்தைக் குறுக உதைக்க, அது தன் அணியினர் கைக்கே திரும்பி வந்தது. ஆட்டத்தின் போக்கையே அது மாற்றிற்று. அந்த ஆண்டு வாகை அலபாமாவுக்கே.

அன்று அத்துணைப் பெரிதாய்த் தோன்றிய மேற்குப் பிரிவோ இன்று இல்லை. 2024இல் ரெக்சாசும் ஒக்லஹோமாவும் சேர, சங்கத்தில் 16 கழகங்கள் ஆயின. பிரிவுகள் இரண்டும் கலைக்கப்பட்டன. எந்த வாகைக்காக மக்கள் உறக்கமிழந்தனரோ, அந்த வாகையின் பெயரே வழக்கொழிந்தது. ஆயினும், அலபாமாவும் ஓபர்னும் ஆடுவது நிற்கவில்லை. போட்டிக்கு முன்னர் இரு கழக மாணவரும் பசித்தோர்க்கு உணவு திரட்டுவதிலும் போட்டியிடுகின்றனர். 1994இல் தொடங்கிய வழக்கம் அது. தோற்ற கழகத்தின் மாணவர் தலைவர் பின்னர் கூடைப்பந்தாட்டமொன்றின் இடைவேளையில் எழுந்து நின்று, வென்ற கழகத்தின் பாடலைப் பாட வேண்டும் என்பதும் மரபு.

கசப்பான மருந்தைச் சிரித்த முகத்தோடு விழுங்கும் அந்தப் பாடல், கிண்ணங்கள் கற்பிக்காத பாடம் ஒன்றைக் கற்பிக்கின்றது. 41 ஆண்டுகள் பேசாதிருந்தவர்கள் அந்த ஆண்டுகளிற் கண்ட வெற்றி ஒன்றேனும் உண்டோ? எதிரே நிற்பதற்கு ஒருவன் இருந்தாலன்றோ ஆட்டம்! அவனை வெல்ல முயல்வது இளைஞரின் கடமை. ஆட்டம் முடிந்ததும் அவன் கையைப் பற்றிக் குலுக்குவதும் அவர்தம் கடமையே.